விடுதலையானவரின் பெயர்

மாட்டுத்தாவணியில் விடியற்காலை வந்து நிற்கும் தென்மாவட்டப் பேருந்துகளிலிருந்து கேஸ் கட்டோடு இறங்குகிறவர்கள் எந்த வேலைநாளிலும் உண்டு. நாகர்கோவிலிலிருந்து வந்தாலும் ராமநாதபுரத்திலிருந்து வந்தாலும் மேலூர் சாலையில் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் சில கிலோமீட்டரில் உலகனேரி வந்துவிடும். கண்மாய் நிலத்தில் எழுந்த சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அங்கேதான் இருக்கிறது. 2004 ஜூலை 24 அன்று அது திறக்கப்படும் வரை மேல்முறையீட்டுக்கும் ஜாமீனுக்கும் இந்த மக்கள் இரவு முழுக்கப் பயணம் செய்து சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. நீதிமன்றம் மக்களுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று தென்மாவட்ட வழக்கறிஞர்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற கிளை அது. அந்தக் கிளையில்தான் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கேள்வி எழுந்தது. நீதிமன்றம் எழுதும் தீர்ப்பு, அதில் வரும் மனிதரின் பெயரோடும் ஊரோடும், எல்லாருடைய கைப்பேசிக்குள்ளும் எவ்வளவு தூரம் போகலாம், எவ்வளவு காலம் அங்கே இருக்கலாம்?

கேள்வியைக் கொண்டுவந்தவர் ஒரு தனிமனிதர். பாலியல் குற்றச்சாட்டில் விசாரணை நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு, 2014-இல் இதே மதுரைக் கிளையால் விடுதலை செய்யப்பட்டவர். விடுதலைக்குப் பிறகும் அவர் பெயரைத் தேடினால் அந்தத் தீர்ப்பு வந்து நின்றது. வெளிநாட்டுக் குடியுரிமை கிடைப்பதற்கே அது குறுக்கே நிற்பதாக அவர் தரப்பு சொன்னது. தீர்ப்பிலிருந்து தம் பெயரையும் அடையாளத்தையும் நீக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. 2021-இல் மனுவை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தொடக்கத்தில் கோரிக்கையில் நியாயம் இருப்பதாகவே பார்த்தார். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் மனுவைத் தள்ளுபடி செய்தார். எந்த வழக்கில் பெயரை மறைக்கலாம், எதில் கூடாது என்பதற்குப் பொதுவான அளவுகோலோ விதியோ இல்லாத நிலையில் நீதிமன்றம் தானாக இறங்குவது சரியாகாது, தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரட்டும் என்பது அவர் முடிவு. மேல்முறையீட்டில் நீதிபதிகள் அனிதா சுமந்த், ஆர். விஜயகுமார் அமர்வு 2024 பிப்ரவரி 27 அன்று அதை மாற்றியது. மூலத் தீர்ப்பு நீதிமன்றத்திடம் அப்படியே இருக்கட்டும், வெளியே போகும் படியில் பெயரும் அடையாளமும் இருக்கக் கூடாது, இந்தியன் கானூன் இணையதளம் தன்னிடமுள்ள தீர்ப்பை நீக்க வேண்டும் என்றது. அந்தத் தளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஜூலை 24 அன்று, அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு மதுரைக் கிளையின் உத்தரவுக்குத் தடை விதித்தது. தீர்ப்பு சொல்லப்பட்டதும் அது பொது ஆவணமாகிவிடுகிறது, அதை நீக்கச் சொன்னால் விளைவு பெரிதாக இருக்கும் என்பது அங்கே வெளிப்பட்ட கருத்து.

இரண்டு பக்கமும் சரியாகச் சொல்கிற, இரண்டு பக்கமும் ஒன்றைத் தவற விடுகிற வழக்கு இது என்பது என் எண்ணம். தீர்ப்பின் ஒரு வரிகூட மக்களிடமிருந்து போகக் கூடாது. அதே சமயம், குற்றவாளி இல்லை என்று நீதிமன்றமே சொன்ன ஒரு சாதாரண மனிதரின் பெயர், அந்தத் தீர்ப்பைத் திறக்கும் சாவியாகக் காலமெல்லாம் இருக்கக் கூடாது. இவை இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக நினைக்கிறோம். மோதுவதற்குக் காரணம், பெயரை மறைக்கும் வேலையை நீதிமன்றம் தானே செய்யாமல், பாதிக்கப்பட்டவர் மனுப் போடும் வரை காத்திருந்து, பிறகு அதை ஓர் இணையதளத்தின் தலையில் கட்டுவது.

முதலில் தீர்ப்பு யாருடையது என்று பார்க்கலாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நீதிமன்றத்தின் எழுத்தும் அரசுப் படைப்புதான். பதிப்புரிமை அரசுக்கு உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நீதிமன்றம் குறிப்பாகத் தடை செய்தால் ஒழிய, தீர்ப்பை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், வெளியிடலாம், அது மீறல் ஆகாது என்கிறது. இந்த ஒரு வாசல் வழியாகத்தான் இந்தியாவின் சட்டப் பதிப்புத் தொழிலே நடக்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் சொன்னதும் இதைத்தான்: தலைக்குறிப்பு போலப் பதிப்பாசிரியர் தன் அறிவால் சேர்த்த பகுதிக்கு உரிமை கோரலாம், நீதிபதி எழுதிய பாடத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனாலும் அந்தப் பாடம் நடைமுறையில் பணம் கட்டுகிறவர்களுக்கே கிடைத்தது. தோல் பைண்டிங் செய்த சட்ட அறிக்கைகளை வரிசையாக வாங்கி அடுக்க உசிலம்பட்டியிலும் பரமக்குடியிலும் தொழில் செய்யும் இளம் வக்கீலுக்கு வசதி ஏது? சீனியரின் அலமாரியைத்தான் நம்பியிருக்க வேண்டும். 2008 ஜனவரியில் கணினி அறிவியலாளரான சுஷாந்த் சின்ஹா தொடங்கிய இந்தியன் கானூன், தீர்ப்புகளைத் திரட்டிக் கட்டணமின்றித் தேடக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் தன் அறிக்கைத் தொகுதிகளை இலவசமாக இணையத்தில் ஏற்றியதே 2023 ஜனவரியில்தான். அதற்குள் பதினைந்து ஆண்டுகள் ஒரு தனியார் தளம் அந்த வேலையைச் செய்து முடித்திருந்தது. மாவட்ட நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி கைப்பேசியில் முன்தீர்ப்பைத் தேடி எடுத்து, அரைமணி நேரத்தில் வாதத்தில் வைக்கும் வக்கீலைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆகவே அந்தத் தளத்தை மட்டும் நீக்கச் சொல்லும் உத்தரவு எனக்குக் கவலை தருகிறது. சந்தா கட்டிப் படிக்கும் தளங்களில் அதே தீர்ப்பு இருந்து, இலவசத் தளத்தில் மட்டும் இல்லாமல் போனால், அந்தரங்கம் காப்பாற்றப்படவில்லை. பணமில்லாதவர்கள் படிக்க முடியாமல் ஆகிறது, அவ்வளவுதான்.

தீர்ப்பு திறந்திருக்க வேண்டியதன் காரணத்தை மதுரைக்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் விளக்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்றக் கிளையைத் தாண்டி அதே மேலூர் சாலையில் போய்த் திரும்பினால் மேலவளவு. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை அது உறுதியானது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுவித்தபோது, எந்த அரசாணையின்படி, என்ன காரணம் சொல்லி என்ற கேள்வி மறுபடியும் மதுரைக் கிளைக்கே வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததற்குக் காரணம் தீர்ப்புகள் எல்லார் கையிலும் இருந்ததுதான். யார் யார், எந்தக் குற்றத்துக்கு, எந்தச் சாட்சியத்தின் பேரில் என்பது எழுத்தில் இருந்தது. சாதிக் கொலைகளில் பெயர் தெரிவது நீதியின் ஒரு பகுதி. தண்டிக்கப்பட்டவர்களின் பெயரைத் தீர்ப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று நாளை யாராவது மதுரைக் கிளையின் 2024 தீர்ப்பைக் காட்டிக் கேட்டால் அதை ஏற்க எந்த நியாயமும் இல்லை. நான் பேசுவது விடுதலையானவர்களைப் பற்றி மட்டும், அவர்களிலும் பொதுப் பதவி எதுவும் வகிக்காதவர்களைப் பற்றி மட்டும்.

விடுதலையானவர்களின் பெயர் முன்பும் வெளியேதான் இருந்தது, இப்போது மட்டும் என்ன வந்தது என்று கேட்கலாம். நம் அச்சுலகத்தின் கதையே அதற்குச் சாட்சியாக நிற்கும். 1942-இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில்தான் தந்தியைத் தொடங்கினார். கோர்ட் செய்தியையும் கொலை வழக்கையும் டீக்கடை வரை கொண்டுபோன நாளிதழ் அது. இரண்டு ஆண்டு கழித்து லட்சுமிகாந்தன் கொலை வழக்கு வந்தது. நடிகர்களின் சொந்த வாழ்க்கையைப் பத்திரிகையில் ஏற்றிப் பிழைத்தவர் கொல்லப்பட்டதும், எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானதும், 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றதும் ஊரெல்லாம் பேச்சு. பிரிவி கவுன்சில் வரை போய் 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். ஆனால் பாகவதரின் படங்கள் அதற்குப் பிறகு பழையபடி ஓடவில்லை. எண்பதாண்டு ஆகியும் அந்த வழக்கின் பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் அவர்கள் புகழின் உச்சியில் இருந்தவர்கள். ஊர் பேசியது அவர்களைப் பற்றி. அதே ஆண்டுகளில் மதுரை செஷன்ஸ் கோர்ட்டில் நின்று விடுதலையான ஒரு நெசவாளியையோ வண்டிக்காரரையோ மூன்றாம் மாதம் யார் நினைத்திருப்பார்கள்? அவர் வழக்கைப் பார்க்க வேண்டுமென்றால் நகல் மனு போட்டு, முத்திரை ஒட்டி, ஆவணக் காப்பறையில் கட்டுப் பிரியும் வரை காத்திருக்க வேண்டும். வழக்கு எண் தெரியாமல் அது நடக்காது. பெயரைத் தெரிந்த ஒருவர் அதிலிருந்து வழக்கைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் இதையே ஒரு பாதுகாப்பாகக் கணக்கில் எடுத்தது. பல நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கும் தகவல் பொதுவானதாகவே இருந்தாலும், அதை ஒரே இடத்தில் ஒருவரின் பெயரில் திரட்டிக் கொடுப்பது அவருடைய அந்தரங்கத்தைத் தொடுகிற வேறொரு செயல் என்றது.

இன்று தலைகீழாகிவிட்டது. முன்பு வழக்கிலிருந்து பெயருக்குப் போனோம். இப்போது பெயரிலிருந்து வழக்குக்குப் போகிறோம். நம்முடைய அரசின் இ-கோர்ட்ஸ் தளத்தைத் திறந்தால் வழக்கு எண் தெரியாதவர்களுக்குக் கட்சிக்காரர் பெயரால் தேடும் கட்டம் இருக்கிறது. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நீதிமன்ற வளாகத்தைத் தேர்ந்தெடுத்து, பெயரில் குறைந்தது மூன்று எழுத்தைத் தட்டி, வழக்கு பதிவான ஆண்டைப் போட்டு, கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளைப் பார்த்து நிரப்பினால் பட்டியல் வரும். ஊரும் ஆண்டும் தெரிந்தவருக்கே பிடிபடும் தேடல் அது. தன் வாய்தா தேதியைப் பார்க்கும் கட்சிக்காரருக்கு அது பெரிய உதவி. வேறொருவர் தற்செயலாக விழுந்து எடுக்கும் இடமல்ல. கூகுளில் அந்தத் தடைகள் எதுவும் கிடையாது. பெயரை அடித்ததும் தீர்ப்பின் நடுவிலிருந்து இரண்டு வரி பிய்ந்து வந்து நிற்கும். அந்த இரண்டு வரி பெரும்பாலும் குற்றச்சாட்டைச் சொல்லும் வரியாகவே இருக்கும், ஏனென்றால் தீர்ப்பு அரசுத் தரப்புக் கதையில்தான் தொடங்குகிறது. விடுதலை என்பது கடைசிப் பத்தியில் இருக்கிறது. பெண் பார்க்கப் போகும் வீட்டாரும், வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனியின் மனிதவளத் துறையும், வாடகைக்கு வீடு விடுகிறவரும் கடைசிப் பத்தி வரை போவதில்லை. போனாலும், வம்பு வேண்டாம் என்று அடுத்த ஆளைப் பார்ப்பார்கள்.

அரசே மறக்கத் தயாராக இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் காவலர் பணிக்கான விதிகளில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவிக்கப்பட்டவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதை ஏற்றுக்கொண்டது. காவல் துறைக்கு ஆள் எடுக்கும்போது அந்த எச்சரிக்கைக்கு ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் சட்டத்தின் வார்த்தையில் விடுதலை என்று இருப்பது வாழ்க்கையில் அப்படி எடுத்துக்கொள்ளப்படுவதில்லை என்பதற்கு அதுவே சான்று. இந்தச் சூழலில்தான் பெயர்த் தேடலும் வந்து சேர்கிறது.

உச்ச நீதிமன்றத்தின் தயக்கத்துக்கு அடியில் இருப்பது 1994-இன் ஒரு தீர்ப்பு. அதுவும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் வழக்குதான். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் முனைந்தபோது சிறைத் துறை தடுத்தது. ஆசிரியர் ஆர். ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். அதிகாரிகளுக்கு எதிரான செய்தி என்பதால் அரசு முன்கூட்டித் தடுக்க முடியாது என்று வந்த அந்தத் தீர்ப்பு, தனித்து விடப்படும் உரிமையை ஒத்துக்கொண்டது. கூடவே, ஒரு விஷயம் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொதுப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அந்த உரிமை அங்கே நிற்காது என்றும் சொன்னது. பத்திரிகைச் சுதந்திரத்துக்குத் தமிழ்நாடு கொடுத்த பெரிய கொடைகளில் ஒன்று அது. ஆனால் அதே தீர்ப்பு ஒரு விலக்கும் வைத்தது: பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயர், பதிவேட்டில் இருந்தாலும், வெளியே போகக் கூடாது. பதிவேட்டில் இருப்பதும் பெயர் பரவுவதும் இரண்டு வேறு காரியங்கள் என்று 1994-இலேயே நீதிமன்றம் கண்டிருந்தது என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். அன்றைக்குத் தேடுபொறி இல்லை. அந்த வேறுபாட்டை அதற்கு மேல் நீட்டிப் பார்க்கத் தேவை எழவில்லை. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்ன பிறகு, நீட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது.

மற்ற நாடுகள் செய்ததில் எனக்குப் படிப்பினையாகத் தெரிவது மூன்று. ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே மாதத்தில் ஸ்பெயினின் வழக்கொன்றில், பழைய நாளிதழ் அறிவிப்பு அங்கேயே இருக்கட்டும், ஒருவரின் பெயரைத் தேடும்போது கூகுள் அதை எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்றது. மூலம் அப்படியே இருக்க, அதற்குப் போகும் ஒரு வழி மட்டும் அடைபட்டது. கனடாவில் தீர்ப்புகளை இலவசமாகத் தரும் கான்லீ தளம், வெளித் தேடுபொறிகள் தீர்ப்புகளுக்குள் நுழைந்து பெயர்களைத் திரட்ட விடுவதில்லை. உள்ளே வந்து தேடுகிறவருக்கு எல்லாம் கிடைக்கும். அந்தக் கட்டுப்பாடு எதற்கு என்பதை ருமேனியாவிலிருந்து இயங்கிய ஒரு தளம் காட்டிக் கொடுத்தது. கனடாவின் தீர்ப்புகளை அள்ளி எடுத்து, கூகுளுக்குத் திறந்து விட்டு, பெயரை எடுக்க வேண்டுமானால் பணம் கட்டு என்றது. 2017-இல் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் சட்டமீறல் என்று தீர்ப்பளித்தது. பிரான்ஸ் இன்னொரு வழியில் போனது. 2016-இன் சட்டம் எல்லா நீதிமன்றங்களின் தீர்ப்புகளையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட முடிவு செய்தபோதே, சம்பந்தப்பட்டவர்களின் அந்தரங்கத்தைக் காத்துத்தான் வெளியிட வேண்டும் என்றும் வைத்தது. வழக்காடிய தனிமனிதர்களின் பெயரை மறைக்க வேண்டும் என்பதை 2019-இன் சட்டம் தெளிவாக எழுதியது. பெயரை மறைத்ததால் பிரான்ஸில் திறப்பு குறையவில்லை. சொல்லப்போனால், பெயர் மறையும் என்ற உறுதி இருந்ததால்தான் அவ்வளவையும் திறக்கத் துணிய முடிந்தது.

நம் நீதிமன்றங்களுக்கு இது புதிய வேலையும் அல்ல. போக்சோ வழக்குகளிலும் பாலியல் வன்முறை வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவரின் பெயர் இல்லாமல் தீர்ப்பு எழுதுவது நடைமுறையில் இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை செய்கிறது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வழக்குத் தலைப்பில் கட்சிக்காரரின் சாதியையும் மதத்தையும் இனி எழுதக் கூடாது என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் உத்தரவிட்டது. நூறாண்டுக்கு மேலாக இன்னார் மகன் இன்னார், இன்ன சாதி என்று தட்டச்சாகிவந்த தலைப்பு ஒரே உத்தரவில் மாறியது. அதற்காக எந்தத் தீர்ப்பும் செல்லாமல் போகவில்லை, எந்த ஆய்வாளரும் கண்ணிழந்துவிடவில்லை. விடுதலைத் தீர்ப்பின் வெளியீட்டுப் படியில் பெயருக்குப் பதில் முதலெழுத்தும் ஊருக்குப் பதில் மாவட்டமும் வைப்பது இதைவிடப் பெரிய மாற்றம் அல்ல. சட்ட வாதத்துக்கு வேண்டிய ஒரு வரியும் அதில் போகாது. சாட்சி எங்கே தடுமாறினார், எஃப்.ஐ.ஆர். ஏன் தாமதமானது, புலனாய்வு அதிகாரி எதைச் செய்யத் தவறினார் என்பதெல்லாம் அப்படியே இருக்கும். அதிகாரியின் பெயரும் இருக்கும், நீதிபதியின் பெயரும் இருக்கும், ஏனென்றால் அவர்கள் பொது வேலையில் இருந்தவர்கள். இது விதியாக இருந்தால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லா விடுதலையாளருக்கும் கிடைக்கும். இன்றைய நிலையில், ரிட் மனுப் போட்டு, அப்பீல் போய், டெல்லி வரை சீனியர் வக்கீல் வைக்கக் கூடியவருக்கு மட்டுமே பெயரை மறைக்கும் பேச்சே எழுகிறது. ஜாமீனுக்கு ஆள் பிடிக்கவே நிலத்தை அடகு வைத்தவர், விடுதலையான பிறகு தன் பெயருக்காக இன்னொரு வழக்குப் போடுவார் என்று எதிர்பார்க்க முடியுமா?

இதற்கு வரும் மறுப்புகளில் நான் மிகவும் மதிப்பது பெண்கள் தரப்பிலிருந்து வருவது. பாலியல் வழக்குகளில் விடுதலை என்றால் குற்றமே நடக்கவில்லை என்று பொருளாகாது; சாட்சிகள் பிறழ்வதாலும், புலனாய்வு சோரம் போவதாலும், புகார் கொடுத்தவள் ஊரின் அழுத்தத்தில் வாயடைத்துப் போவதாலும் விழும் வழக்குகள் எத்தனையோ. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளிலும் இதே கதிதான். விடுதலையானவரின் பெயரையும் எடுத்துவிட்டால், நடந்ததற்கு இருக்கும் கடைசித் தடமும் போய்விடும் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல. இதற்கு என் பதில் முழுமையானது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தடத்தை நம்பி உழைப்பவர்கள், அதாவது வழக்கறிஞர்கள், களப்பணியாளர்கள், ஆய்வாளர்கள், வழக்கை அறிந்து வருகிறவர்கள். மறைக்கப்படாத படியை நீதிமன்றத்திடம் மனுப் போட்டுப் பெறும் வழி அவர்களுக்கு விதியிலேயே இருக்க வேண்டும், புகார்தாரருக்கு மனுவே இல்லாமல் கிடைக்க வேண்டும். மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை, மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அது முடியும் வரை, பெயரை மறைக்கும் பேச்சே இருக்கக் கூடாது. பதவியிலோ காவல் துறையிலோ இருந்தவர் அந்த அதிகாரத்தைக் கொண்டு செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்தில் விதி பொருந்தக் கூடாது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது, நீதிமன்றம் போதிய சாட்சியமில்லை என்று விட்ட ஒருவரை, கூகுளின் முதல் பக்கம் தண்டித்துக்கொண்டே இருக்கட்டும் என்ற வாதம். பலவீனமான புலனாய்வுக்கு அது மருந்தாகாது. பெயர்த் தேடலில் மாட்டுகிறவர்களில் பொய்ப்புகாரில் சிக்கியவரும் இருக்கிறார், காதலித்ததற்காகப் பெண் வீட்டார் கொடுத்த கடத்தல் புகாரில் சிக்கிய தலித் இளைஞரும் இருக்கிறார். தேடுபொறிக்கு இவர்களைக் குற்றம் செய்தும் தப்பியவர்களிடமிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இன்னொரு மறுப்பு அனுபவத்திலிருந்து வருகிறது: அந்தரங்கம் என்ற பெயரில் எந்தக் கதவைச் சாத்தினாலும் பின்னால் போய் ஒளிந்துகொள்வது அதிகாரிகள்தான். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை மெய்ப்பித்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முன்பு, பொதுப்பணியோடு சம்பந்தமில்லாத சொந்தத் தகவலைத்தான் மறுக்கலாம் என்று இருந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்ற அருமையான வரியும் இருந்தது. புதிய சட்டம் அந்தப் பிரிவையே சுருக்கி, சொந்தத் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற வேறொரு பிரிவு மிச்சமிருக்கிறது, ஆனால் பெரிதா இல்லையா என்று முடிவு செய்பவர் அதே அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் தகவல் அலுவலர். ரேஷன் கடைப் பதிவேட்டையும் நூறு நாள் வேலையின் வருகைப் பட்டியலையும் கேட்டு ஊழலைப் பிடித்த கிராமத்துக்காரர்களுக்கு இது பெரிய அடி. இந்தத் திருத்தத்தை முழு மனதோடு எதிர்க்கிறேன். எதிர்ப்பதற்கான காரணமும் நான் மேலே சொன்னதன் காரணமும் ஒன்றே. அந்தரங்கம் அதிகாரமில்லாதவருக்கு வேண்டியது. அதிகாரத்தில் இருப்பவர் தன் வேலையில் செய்தது அவருடைய அந்தரங்கமாகாது. அந்தத் திருத்தம் இந்தக் கோட்டை அழித்துவிட்டது. விடுதலைத் தீர்ப்புகளுக்கான விதியில் அந்தக் கோடு எழுத்தில் இருக்க வேண்டும்.

இணையத்தில் ஏறியது எங்கெங்கோ நகலாகிவிடும், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குள் வரை போய்விட்டது, இனி மறைத்து என்ன பயன் என்பாரும் உண்டு. பழைய தீர்ப்புகளைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. பின்னால் துரத்திக்கொண்டு போய் ஒவ்வொரு நகலாக அழிப்பது நடக்காத காரியம். தீர்ப்பு முதன்முதலில் வெளியேறும் இடத்திலேயே பெயர் இல்லாமல் வெளியேற வேண்டும் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான். அப்படி வெளியேறிய தீர்ப்பை இந்தியன் கானூனும் கூகுளும் எத்தனை மடங்கு பெருக்கினாலும் கேடில்லை; பெருக்கட்டும் என்றே சொல்வேன்.

சட்டம் வரட்டும் என்று 2021-இல் சொல்லப்பட்டது. சட்டம் வந்தது. ஆனால் நீதிமன்றங்கள் தம் நீதிப்பணிக்காகக் கையாளும் தரவை 2023-இன் சட்டம் அதன் முக்கியக் கடமைகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது; சட்டக் கடமையால் பொதுவில் வைக்கப்பட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. ஆக நாடாளுமன்றம் இந்தப் பிரச்சினையைத் தொடவில்லை. தொட வேண்டியது நீதிமன்றமே. தன் நடைமுறைக்குத் தானே விதி செய்துகொள்ளவும், தன் கீழுள்ள நீதிமன்றங்களின் பதிவுமுறைக்கு விதி வகுக்கவும் உயர் நீதிமன்றங்களுக்கு அரசியல் சாசனத்தின் 225, 227 ஆகிய கூறுகள் அதிகாரம் தருகின்றன. உச்ச நீதிமன்றத்தின் தடை ஒரு மனிதருக்குக் கொடுத்த நிவாரணத்தைத்தான் நிறுத்தியது. பொது விதி செய்வதை அது தடுக்கவில்லை. அந்த விதி உயர் நீதிமன்றத்தோடு நின்றுவிடவும் கூடாது. உலகனேரிக்கு வரும் வழக்கு சிறுபான்மை. பெரும்பாலானவர்களின் வழக்கு மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே விடுதலையோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்புகள்தான் இப்போது தினமும் இ-கோர்ட்ஸ் தளத்தில் ஏறிக்கொண்டிருக்கின்றன. வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.